இன்னொரு ஸ்மார்ட் ஸ்டிக் செய்யும் முன்

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பார்வையற்றவன். வெள்ளைக்கோலோடு வேலைக்குப் போய் வருகிறவன். ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி வாக்கில் நாலைந்து மாணவர்கள் என்னைத் தேடி வருவார்கள். கையில் ஒரு பிவிசி குழாய். அதுதான் பார்வையற்றவர்களுக்காக அவர்கள் செய்த 'ஸ்மார்ட் ஸ்டிக்'. அதில் எதிரே இருக்கும் தடையை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், அதை இயக்கும் அர்டுயினோ என்ற சின்ன போர்டு, பேட்டரி, பீப் என்று கத்தும் பஸ்ஸர். "பிடிச்சு நடங்க சார், வீடியோ எடுத்துக்கறோம்." நடப்பேன். டீ வாங்கித் தருவார்கள். அடுத்த வருடம் வேறு பிள்ளைகள், அதே குழாய்.

போன முறை வந்தவர்களிடம் ஐஐடி டெல்லியின் ஸ்மார்ட்கேனைப் பற்றிக் கேட்டேன். கேள்விப்பட்டதே இல்லையாம். 2014-இல் வெளிவந்த கருவி. தயாரித்தது சென்னையில் இருக்கும் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். சாதாரண வெள்ளைக்கோலின் பிடியாக மாட்டிக்கொள்ளலாம். முழங்காலுக்குக் கீழே இருப்பதைக் கோலே தட்டிச் சொல்லிவிடும் என்பதால், அதற்கு மேலே தலை உயரம் வரை உள்ளதைக் கவனிக்கிறது. சொல்வதும் சத்தத்தால் அல்ல, அதிர்வால்.

இந்த இரண்டு முடிவுகளும் கோல் பிடிப்பவர்களோடு பழகாமல் வந்திருக்காது. உங்கள் மாணவர்களின் சென்சாரோ தரையைப் பார்த்தே இருக்கிறது. என் நெற்றியைப் பதம் பார்ப்பது பாதி இறக்கிய கடை ஷட்டரும், லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும். ஸ்கூட்டர் திரும்புகிறதா, டீக்கடை தாண்டிவிட்டதா என்பதெல்லாம் எனக்குக் காதில்தான் தெரியும். அங்கே போய் பீப் பீப் என்று கத்தினால்? அப்புறம் எடை. கோலை இடமும் வலமும் வீசியபடியே நடக்க வேண்டும். உங்கள் குழாயைப் பத்து நிமிடம் வீசினால் மணிக்கட்டு விட்டுப்போகிறது.

லிட்டரேச்சர் சர்வே, அதாவது இதற்கு முன் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்ற பகுதி, எப்போது எழுதப்படுகிறது என்று எனக்கும் தெரியும். எல்லாம் முடிந்து, ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போகும் முந்தின இரவில்! அதை ஜீரோத் ரிவியூவுக்கு, புராஜெக்ட் தொடக்கத்தில் நடக்கும் அந்த முதல் பரிசீலனைக்கு, முன்னால் கேளுங்கள். ஏற்கெனவே என்ன இருக்கிறது, அதை யார் பயன்படுத்துகிறார்கள், வாங்கியவர் ஏன் மூலையில் வைத்தார் என்று இரண்டு வாரம் விசாரிக்கட்டும். அதற்குப் பிறகும் கோல்தான் செய்வோம் என்றால் சரி, செய்யட்டும். விலை, சார்ஜ், மழை என்று வேலை நிறையவே இருக்கிறது.

மாணவர்களை அனுப்புவதாக இருந்தால் பிப்ரவரியில் வேண்டாம், ஜூலையில் அனுப்புங்கள். வெறுங்கையோடு வரட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீடு வரை கூடவே நடக்கட்டும். டீ நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
பல ஸ்மார்ட் ஸ்டிக் வீடியோக்களில் நடந்தவன்