கொழுப்பு சதவீதம்: மெஷின் சொல்வதை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எடை குறைத்தவர்களின் அனுபவங்களை உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து வெளியிடுகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் கொஞ்ச நாளாக அதில் ‘உடல் கொழுப்பு 34 சதவீதத்திலிருந்து 27-க்கு வந்தது’ என்கிற மாதிரி வரிகளும் வருகின்றன. எதை வைத்து அளந்தார்கள், எந்த நேரத்தில் அளந்தார்கள் என்று ஒரு வார்த்தை கூட இல்லை. அதைப் படித்துவிட்டு ஆன்லைனில் ஸ்மார்ட் எடை மெஷின் வாங்கி, தினமும் ஏறி இறங்கி மனசு நொந்துபோகிறவர்களை என்னைச் சுற்றியே நிறையப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அந்த மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை. வெறுங்காலோடு ஏறி நின்றதும், நமக்கு உறைக்காத அளவு சின்ன மின்சாரம் ஒரு பாதத்தில் ஏறி மறு பாதத்தில் இறங்குகிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போய்விடும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடுக்கும். எவ்வளவு தடுத்தது என்பது மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும். மிச்சமெல்லாம் கணக்கு. ஆப்பில் நீங்கள் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பது, இதோடு எடை, எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ‘இவ்வளவு இருக்கலாம்’ என்று ஒரு எண்ணைக் காட்டுகிறது. உங்கள் ஆப்பில் ‘அத்லெட்’ என்று ஒரு வசதி இருந்தால் அதைத் தட்டிவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள், அதே உடம்புக்கு, அதே நிமிடத்தில், வேறு சதவீதம் வரும். அதோடு, மின்சாரம் காலிலிருந்து காலுக்குத்தான் ஓடுகிறது, அதன் பாதையில் நேராக இருப்பது கால்களும் அடிவயிற்றுப் பகுதியும்தான். நம் ஊர்க்காரர்களுக்குக் கொழுப்பு சேர்வது வயிற்றில். அதைப் பற்றி மெஷின் சொல்வது பெரும்பாலும் ஊகம்.

எக்ஸ்ரே கதிரை வைத்து உடம்பின் கொழுப்பைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனோடு ஒப்பிட்டால் இந்த மெஷின்கள் நாலைந்து புள்ளி கூடவோ குறையவோ காட்டுவது சாதாரணம். ஆனால் திரையில் 33.8 என்று தசம புள்ளியோடு வரும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

என் அண்ணி 68 கிலோ. ஒரு நாள் காலையில் 33.8 சதவீதம் காட்டியது. அன்றைக்கு சஷ்டி விரதம், சாப்பாடு இல்லை, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. மறுநாள் காலை ஏறினால் எடை 67.4, கொழுப்பு 35.4! “பட்டினி கிடந்தும் ஏறுது பாரேன்” என்று போனை என்னிடம் நீட்டினார், முகம் சுண்டிப் போயிருந்தது. நான் கால்குலேட்டரை எடுத்துக் காட்டினேன். முதல் நாள் கணக்குப்படி கொழுப்பு சுமார் 23 கிலோ, மறுநாள் சுமார் 23.9 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அப்படியானால் உடம்பு அன்றாடம் செலவழிக்கும் கலோரி போக, அதற்கு மேல் இன்னொரு 6,700 கலோரி சாப்பிட்டிருந்தால்தான் அந்த 900 கிராம் ஏறும். விரத நாளில்! ஏறியது கொழுப்பு இல்லை அண்ணி, தண்ணீர் குறைந்ததால் உடம்பு மின்சாரத்தைக் கூடுதலாகத் தடுத்தது, மெஷின் அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் என்றேன். அன்றைக்குத்தான் நிம்மதியாக இட்லி சாப்பிட்டார்.

அதற்காக மெஷினைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சரியான எண்ணைத் தராவிட்டாலும், ஒரே மாதிரி பயன்படுத்தினால் போக்கு எந்தப் பக்கம் என்று ஓரளவு காட்டும். காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன், சுத்தமான பாதத்தோடு, சமமான தரையில் வைத்து ஏறுங்கள். பாதம் காய்ந்து பித்தவெடிப்பு இருந்தாலும் கணக்கு மாறும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எழுதி வைத்து, போன மாதச் சராசரியையும் இந்த மாதச் சராசரியையும் பாருங்கள், நேற்றையும் இன்றையும் பார்க்காதீர்கள். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி உடம்பில் நீர் தங்கும், அதனால் சுழற்சியின் அதே கட்டத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம். வீட்டு மெஷினில் 31, ஜிம் மெஷினில் 27 என்று வந்தால் நாலு புள்ளி குறைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு சூத்திரம்.

ஜிம்முக்குப் போகிறவர்கள், டயட் இருப்பவர்கள் இந்தச் சதவீதத்தை வைத்துச் செய்ய வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. எடையைச் சதவீதத்தால் பெருக்கி, கொழுப்பு எத்தனை கிலோ, மிச்சம் எத்தனை கிலோ என்று பிரித்துப் பாருங்கள். 72 கிலோ இருந்தவர் ஒரு மாதம் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாக இருந்து 68-க்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு 30-லிருந்து 29 சதவீதம். கொழுப்பு 21.6 கிலோவிலிருந்து 19.7-க்கு வந்திருக்கிறது, அதாவது போனது 1.9 கிலோதான். மிச்ச 2.1 கிலோ தசையும் நீரும். நாலு கிலோ குறைந்தது என்று தெருவெல்லாம் பாராட்டும், ஆனால் அதில் பாதிக்கு மேல் கொழுப்பே இல்லை. இதற்கு நேர்மாறாக, பருப்பு, முட்டை, சுண்டல் என்று ஒழுங்காகச் சாப்பிட்டு வெயிட் தூக்குகிறவருக்கு மூன்று மாதத்தில் எடை ஒரு கிலோ கூடக் குறையாமல் இருக்கலாம், ஆனால் வயிறு இறங்கியிருக்கும். அவரைப் பார்த்து ‘இன்னும் அப்படியேதானே இருக்கே’ என்று சொல்லி ஜிம்மை விட வைத்துவிடுகிறார்கள். மெஷினில் பிழை இருப்பதால் ஒரு மாதக் கணக்கை வைத்து முடிவு கட்டக்கூடாதுதான், ஆனால் எடையை மட்டும் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, கணவனும் மனைவியும் ஒரே மெஷினில் ஏறி ஒப்பிட்டுக்கொள்வது. அவருக்கு 22, இவருக்கு 31 என்று வந்தால் இவர் மோசம் என்று இல்லை. ஹார்மோனுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பெண் உடம்பில் இயல்பாகவே கொழுப்பு அதிகம் தேவை, அது ரொம்பக் குறைந்தால் மாதவிலக்கே நின்றுபோகலாம்.

ஒல்லியாக இருப்பவர்கள் ‘நமக்கு இதெல்லாம் வேண்டாம்’ என்று நினைப்பதும் சரியில்லை. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே போட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடையும் உயரமும் சொல்லாததை அந்த ஒரு படம் சொன்னது. நம் நாட்டில் பிஎம்ஐ 23-லேயே அதிக எடை என்று வைத்திருப்பதற்கும் இந்த உடல்வாகுதான் காரணம்.

சரி, வீட்டில் எதைத்தான் நம்புவது என்று கேட்டால், நான் சொல்வது தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப். கழுத்தையும் இடுப்பையும் அளந்து சதவீதம் கண்டுபிடிக்கும் அமெரிக்கக் கடற்படைச் சூத்திரம் ஒன்று 1984-லிருந்து இருக்கிறது, ஆனால் அதுவும் ஊகம்தான், அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வயிற்றுச் சுற்றளவு ஒன்றே போதும். அதைச் சரியாக அளக்க வேண்டும். ‘என் பேண்ட் சைஸ் 34தான்’ என்று சொல்லும் ஆண்கள் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறார்கள்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சட்டையை விலக்கி, சாதாரணமாக மூச்சை விட்டபிறகு, டேப் தோலில் பதியாமல் ஒட்டினாற்போல் இருக்க அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் யாரை ஏமாற்றுகிறோம்? இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் உருவாக்கிய சர்க்கரை நோய் அபாய மதிப்பெண்ணில் வயது, உடலுழைப்பு, குடும்ப வரலாறு இவற்றோடு இருக்கும் நாலாவது அளவு வயிற்றுச் சுற்றளவுதான். உயரத்தில் பாதிக்கும் குறைவாக அது இருக்க வேண்டும் என்பது இன்னும் சுலபமான கணக்கு, 160 சென்டிமீட்டர் உயரம் என்றால் 80-க்குள்.

மாதம் ஒருமுறை டேப், வாரம் இரண்டு மூன்று நாள் மெஷின், அப்புறம் எத்தனை மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிகிறது என்று பார்ப்பது, வீட்டுக்கு இது போதும்.

மெஷின் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் ஒன்றை உங்கள் பத்திரிகை பெரிய எழுத்தில் போட வேண்டும்: இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த மின்சார மெஷினில் ஏறக்கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் புதுசாக மெஷின் வந்தால் தாத்தா பாட்டியைத்தான் முதலில் ஏற்றி வேடிக்கை பார்க்கிறோம்.

இனி எடை குறைத்தவர்களின் அனுபவத்தைப் போடும்போது கொழுப்பு சதவீதத்தை எந்தக் கருவியில் பார்த்தார்கள் என்பதையும், அதோடு வயிற்றுச் சுற்றளவு முன்னே எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை