சராசரியை நம்பி டார்கெட் போடாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மூத்தவளுக்கு இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை. மற்ற சேதியெல்லாம் அப்புறம். உன் பட்டறை விஷயம்தான் மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது.

பம்ப் ஷாஃப்ட் லைனில் அறுப்பு, லேத், கீவே, கிரைண்டிங், செக்கிங் என்று ஐந்து வேலை. எதை எடுத்தாலும் சராசரியாக மணிக்கு 20 உருப்படி வருகிறது. அப்படியென்றால் எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 160 வரவேண்டும், ஆனால் 120-ஐத் தாண்டுவதில்லை என்கிறாய். அதனால் ஆள்வாரியாக எண்ணிக்கை எழுதிப் பலகை மாட்டப்போகிறாய், கடைசியில் நிற்பவருக்கு இன்சென்டிவ் கிடையாது என்கிறாய். தயவுசெய்து அந்தப் பலகையை மாட்டாதே. மாட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உன் ஆட்களோடு ஓர் ஆட்டம் ஆடிப் பார். பாலிடெக்னிக்கில் என் பிள்ளைகளுக்கு உற்பத்திப் பாடத்தை நான் இதில்தான் தொடங்குகிறேன்.

ஐந்து பேரை வரிசையாக உட்கார வை. ஆளுக்கொரு தட்டு, ஒரு பகடை. முதல் ஆள் பக்கத்தில் மட்டும் ஒரு பை நிறையப் புளியங்கொட்டை. அதுதான் கச்சாப் பொருள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஆளில் தொடங்கி ஒவ்வொருவராக உருட்ட வேண்டும். விழுந்த எண்ணிக்கை அளவுக்குத் தன் தட்டிலிருந்து அடுத்தவருக்குத் தள்ளலாம். தட்டில் அவ்வளவு இல்லையென்றால் இருப்பதை மட்டும்தான் தள்ள முடியும். பகடையின் சராசரி 3.5. பத்துச் சுற்றுக்கு 35 கொட்டை வெளியே வரும் என்று எல்லோரும் எழுதித் தருவார்கள். வருவது பெரும்பாலும் இருபதுகளிலேயே நின்றுவிடும்.

முதல் சுற்றிலேயே காரணம் தெரிந்துவிடும். நாலாவதாக உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஆறு விழும். குஷியாகத் தட்டைப் பார்ப்பான், அதில் ஒரே ஒரு கொட்டை கிடக்கும். "ஆறு போட்டும் ஒண்ணுதான் சார் தள்ள முடியுது" என்று என்னை நிமிர்ந்து பார்க்கும்போது அவன் முகத்தில் ஒரு கோபம் இருக்கும் பார், அந்தக் கோபத்துக்காகத்தான் இந்த ஆட்டத்தை விடாமல் நடத்துகிறேன். கரும்பலகையில் எத்தனை சூத்திரம் எழுதினாலும் அது வராது. முன்னால் இருப்பவருக்குக் குறைந்தால் அது அப்படியே எனக்கு இறங்குகிறது, எனக்குக் கூடினால் அதனால் யாருக்கும் பயனில்லை என்பது அவன் கைக்கே தெரிந்துவிடுகிறது. உன் கிரைண்டிங் ஆபரேட்டர் உன்னிடம் சொல்ல முடியாமல் இருப்பதும் இதுதான்.

கணக்கும் பார்த்துவிடலாம். முதல் சுற்றில் எல்லாத் தட்டும் காலி. அதனால் கடைசி ஆள் வெளியே தருவது ஐந்து வீச்சில் எது மிகச் சிறியதோ அதுதான். அதன் சராசரி 1.57. கடைசியில் 4-க்குக் குறையாமல் வரவேண்டுமென்றால் ஐந்து பேருக்குமே 4 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதற்கு 32-இல் ஒரு வாய்ப்புத்தான்.

அப்புறம் பகடையை வாங்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு நாணயம் கொடுப்பேன். தலை விழுந்தால் 4, பூ விழுந்தால் 3. சராசரி அதே 3.5. ஆனால் பத்துச் சுற்று முடிவில் எப்படி விழுந்தாலும் 30-க்குக் குறையாது. ஆளும் மாறவில்லை, சராசரி வேகமும் கூடவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும்தான் சுருங்கியது. இந்த இடத்தில் அவசரப்படாமல் பேசவிட வேண்டும். நம் பட்டறையில் பகடை எது, நாணயம் எது என்று அவர்களே சொல்லட்டும். லேத்தில் வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்தபின் புதிதைத் தேடிப் போவது, செட்டிங்குக்கு ஒரு நாள் பத்து நிமிடமும் மறுநாள் ஐம்பது நிமிடமும் ஆவது, கம்பியின் கடினம் லோடுக்கு லோடு மாறுவது என்று வரிசையாக வரும். பேச்சு இல்லாமல் ஆடினால் வெறும் பொழுதுபோக்காகவே முடிந்துவிடும்.

பகடை கிடைக்காவிட்டால் தாயக்கட்டையில் ஒன்றை உருட்டலாம். வெறும் பக்கம் விழுந்தால் மெஷின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள். அது நம் நிஜத்துக்கு இன்னும் பக்கம்!

இந்த ஆட்டத்தைப் பரவலாக்கியவர் இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட். 1984-இல் வந்த அவருடைய நாவலில் சிறுவர்கள் தீக்குச்சியை வைத்து ஆடுவார்கள். ஆனால் உன் பலகைக்கு நேரடியாகப் பதில் சொல்வது அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கின் சிவப்பு மணிச் சோதனை. ஒரு பெட்டியில் சின்னச் சின்ன உருண்டை மணிகள்: 3,200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழி உள்ள மட்டையை உள்ளே விட்டு அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் குறைபாடு. ஐந்தில் ஒன்று சிவப்பு என்பதால் சராசரி 10 சிவப்பு என்று கணக்கு. 2 வந்தாலும் 18 வந்தாலும் அது வெறும் தற்செயல்தான், தற்செயலான ஏற்ற இறக்கம் வழக்கமாக அடங்கும் வரம்பான மூன்று சிக்மா எல்லைக்குள் எல்லாம் அடங்கிவிடும். டெமிங் மேலாளர் வேடம் போட்டு, 6 எடுத்தவரைப் பாராட்டுவார், 14 எடுத்தவரைத் திட்டுவார், அடுத்த சுற்றில் இரண்டும் புரண்டுவிடும். உன் பலகையில் இந்த வாரம் முதலில் நிற்பவர் அடுத்த வாரம் கீழே போனால், அவர் சோம்பேறியாகிவிட்டார் என்றா நினைப்பாய்? சிவப்பு மணியைப் பெட்டியில் போட்டவர் அவர் இல்லையே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். லைனில் எந்நேரமும் 180 ஷாஃப்ட் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். ஷிஃப்டுக்கு 120 என்றால் மணிக்கு 15 வெளியேறுகிறது. 180-ஐ 15-ஆல் வகுத்தால் 12. உள்ளே கிடக்கும் எண்ணிக்கையை மணிக்கு வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு ஷாஃப்ட் சராசரியாக எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கிறது என்பது வரும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இதுதான். ஐந்து வேலைக்கும் சேர்த்து ஒரு ஷாஃப்டுக்கு மெஷினில் ஆகும் நேரம் 15 நிமிடம். அது உன்னிடம் இருப்பதோ 12 மணி நேரம். மீதியெல்லாம் ட்ரேயில் காத்துக்கிடக்கும் நேரம். அவ்வளவு ஸ்டாக் இருந்தும் 120-தான் வருகிறதென்றால் அது தப்பான இடத்தில் குவிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மெஷினுக்கு முன்னால் குவியல், எந்த மெஷின் சும்மா நிற்கிறது என்று குறித்து வை.

கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை ஓட்டிக் காட்டும் எக்செல் ஃபைல் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் கையால் ஆடிய பிறகுதான் அனுப்புவேன். முதலில் திரையைப் பார்த்தவர்களுக்கு அது வேறு யாருடைய கணக்கோ என்றுதான் இருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் கோவை வருகிறேன். கொட்டையும் பகடையும் நான் கொண்டு வருகிறேன். நீ ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு மெஷினிலும் மணிவாரியாக என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல். ஆட்டத்தில் சூப்பர்வைசரை நாலாவது இடத்தில் உட்கார வைப்போம். தங்கச்சியிடம் என் அன்பைச் சொல். பலகைக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் நாளைக்கே போன் பண்ணி நிறுத்து.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்