தாலுகா மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை இருக்க வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கடும் வலியை அடக்கும் மார்ஃபின் என்ற மருந்து பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சட்டமும் விதியும் அங்கீகார நடைமுறையும் உங்கள் மேசையைத் தாண்டித்தான் எங்களிடம் வருகின்றன. அந்த மாத்திரை இல்லாத வீட்டில் ஓர் இரவு எப்படிக் கழிகிறது என்பது மட்டும் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அத்தைக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். முதுகெலும்புவரை பரவிய பிறகு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் உண்டே தவிர, குறை இல்லை. நகரத்து மருத்துவமனை ஒன்றில் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் சேர்த்து மருந்து தந்தார்கள். வலி அடங்கியதும் அத்தை தாமே எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டார். ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பேரனின் கணக்கு நோட்டைத் திருத்தினார்.

மாத்திரை தீர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் கேட்டோம். "அதெல்லாம் இங்கே வைப்பதில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார்கள். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, திருட்டுப் பொருள் விசாரித்து வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். இதையெல்லாம் இங்கே கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். நகரத்து மருத்துவமனையில் மாத்திரை தந்த பிரிவு இனித் திங்கட்கிழமைதான் திறக்கும்.

சனி இரவும் ஞாயிறு இரவும் அத்தை படுக்கவில்லை. மல்லாந்தாலும் வலி, ஒருக்களித்தாலும் வலி. சுவரோடு தலையணையைச் சேர்த்து வைத்து, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் பிள்ளைகள் விழித்துவிடக் கூடாது என்று துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். துண்டின் ஓரம் பிய்ந்து நூல்நூலாக வந்துவிட்டது. விடியும் நேரத்தில், "ஏதாவது கொடுத்து என்னை முடித்துவிடப்பா" என்று கேட்டார். என் கையில் இருந்தது பாராசிட்டமால்.

அத்தை இப்போது இல்லை. அவர் உயிரைக் கொண்டுபோனது நோய். அதற்காக யாரிடமும் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்த இரண்டு இரவுகளை நோயின் கணக்கில் எழுத என்னால் முடியவில்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனையிலும் வாய்வழி மார்ஃபின் மாத்திரை வாரத்தின் ஏழு நாளும் இருப்பில் இருக்க வேண்டும்.

இதற்குச் சட்டம் தடையா? ஒரு காலத்தில் இருந்தது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்று மிரட்டியது. ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள், பல அலுவலகங்கள். மருத்துவமனைகள் பயந்துபோய் மார்ஃபினைக் கைவிட்டன. 2014இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியே பிரித்து, 2015இல் நாடு முழுமைக்கும் ஒரே விதியும் வந்தது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்றால் போதும். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும், கணக்கு ஒழுங்காக எழுதப்பட வேண்டும். அங்கீகாரம் தர வேண்டிய இயக்குநரகமும் அதைப் பெற வேண்டிய தாலுகா மருத்துவமனையும் ஒரே துறையின் கீழ்தான் இருக்கின்றன. ஒரே வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் காகிதம் போய்ச்சேர இத்தனை ஆண்டுகள் ஏன் ஆக வேண்டும்?

பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லை என்பீர்கள். சில வாரங்களில் முடிகிற பயிற்சி அது. தாலுகாவுக்கு ஒருவரை அனுப்பி வையுங்கள். அடிமையாகிவிடுவார்கள் என்ற பயத்தை மருத்துவர்களே இன்னும் விடவில்லை. மருத்துவர் கண்காணிப்பில், வலிக்கேற்ற அளவில் கொடுக்கும்போது அது அரிது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சாகக் கிடக்கும் ஒரு பெண்மணியைப் பற்றி இந்தக் கவலை எதற்கு?

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தீராத நோயாளியின் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டபோது உண்மையாகவே மகிழ்ந்தவன் நான். செவிலியர் வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து கட்டுகிறார், சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார். அவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் கடும் வலிக்கான மாத்திரை அருகில் கிடைக்காவிட்டால் அந்தச் செவிலியர் என்ன செய்வார்? கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அத்தையின் கையையும் ஒரு செவிலியர் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மருந்துக்கு நாம் யாரிடமும் கையேந்தவில்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும், மார்ஃபின் எடுக்கப்படும் அபினி அரசு உரிமத்தோடு விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அதற்கான அரசு ஆலைகளே இருக்கின்றன. அப்படியிருந்தும், லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியாவின் வலி நிவாரணத் தேவையில் நமக்குக் கிடைப்பது சுமார் 4 விழுக்காடு. விளைவது இங்கே, வலியில் துடிப்பதும் இங்கே. எங்கள் ஊருக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். 2008லேயே நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்து, ஊராட்சிவரை கொண்டுபோய்விட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். மகப்பேற்றிலும் தடுப்பூசியிலும் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட எல்லோரும் வருகிறார்கள். ஒரு மாத்திரை அட்டை இருப்பில் இருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை. பணம் இருப்பவர் தனியார் மருத்துவமனையில் வலியில்லாமல் கண்மூடுகிறார். இல்லாதவரிடம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். பெண்ணாக இருந்தால், பிள்ளை பெற்றவளுக்கு இது ஒரு வலியா என்றும் கேட்கிறோம்.

கோபத்தில் எழுத்து நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும். கேட்க வந்ததைப் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனைக்கும் அங்கீகாரம் பெற்றுத்தாருங்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரை அமர்த்துங்கள். மார்ஃபின் மாத்திரை ஏழு நாளும் இருக்கட்டும்; விடுமுறை நாளிலும் இரவுப் பணி மருத்துவர் எடுத்துக் கொடுக்கும்படி உத்தரவிடுங்கள்.

இதற்குக் காலம் ஆகும் என்றால், அதுவரை ஒன்றாவது செய்யுங்கள். எந்தெந்த மருத்துவமனையில், எந்தெந்த நாளில் இந்த மாத்திரை கிடைக்கிறது என்ற பட்டியலை மாவட்டவாரியாக வெளியிட்டு, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் ஒட்டி வையுங்கள். சீட்டோடு அலைகிற குடும்பத்துக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது என்றாவது தெரியும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி,

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து,
நோயாளியைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தில் ஒருவன்