டாக் டாக் குழுவின் மௌனம் வீழ்ச்சியல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தில் ஆங்கில ராக் குழுக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரை, லண்டனைச் சேர்ந்த டாக் டாக் குழு 1988இல் ‘தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது’ என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டது. விற்பனையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அப்படித் தோன்றலாம். ஆனால் அந்தக் குழுவின் ஐந்து ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்பவருக்கு, முதல் வெற்றிகள் ஈட்டித் தந்த பணமும் செல்வாக்குமே பிந்தைய இசையை ஆக்க உதவின என்பது விளங்கும்.

1982இல் ‘தி பார்ட்டீஸ் ஓவர்’ வெளிவந்தபோது, இக்குழுவை டியூரன் டியூரன் என்ற ஆங்கிலப் பாப் குழுவின் நிழலாகவே பலரும் பார்த்தார்கள். பதிவு நிறுவனம் ஒன்றே, தயாரிப்பாளர் ஒருவரே, போதாக்குறைக்கு இரட்டைப் பெயர் வேறு. 1984இல் வந்த ‘இட்ஸ் மை லைஃப்’ ஆல்பம் ஐரோப்பாவில் நன்றாக விற்றது. அதன் தலைப்புப் பாடலுக்கான வீடியோவில் விலங்குகளின் காட்சிகளுக்கு நடுவே நிற்கும் பாடகர் மார்க் ஹாலிஸ், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வாயசைக்க மறுத்து உதடுகளை இறுக மூடிக்கொண்டிருப்பார். பாட்டுக்கு வாயசைப்பதே வேலை என்றிருந்த காலத்தில் இது சிறிய பிடிவாதமன்று; பின்னால் வரப்போவதன் அடையாளம் அதிலேயே இருந்தது.

அந்த நாட்களில் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியைப் பயன்படுத்தியது செலவைக் குறைக்கத்தானே தவிர, அந்த ஒலியின் மேல் கொண்ட விருப்பத்தால் அல்ல என்று ஹாலிஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நல்ல வாத்தியக் கலைஞர்களை அமர்த்தப் பணம் கிடைத்தவுடன் அவர் செய்த முதல் காரியம் சின்தசைசரை ஓரங்கட்டியதுதான். 1986இல் வெளிவந்த ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ ஆல்பத்தில் ஸ்டீவ் வின்வுட்டின் ஆர்கனும் சிறுவர்களின் கோரஸும் இடம்பெற்றன. பிரிட்டன் தரவரிசையில் அது 8ஆம் இடம்வரை சென்றது. தயாரிப்பாளரும் இணை இசையமைப்பாளருமான டிம் ஃப்ரீஸ்-கிரீன் ஹாலிஸுக்குத் துணை நின்றார். அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தோடு குழு மேடையை விட்டு இறங்கியது. பிறகு ஏறவே இல்லை.

1988இல் வெளிவந்த அடுத்த ஆல்பமான ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ லண்டனின் வெசெக்ஸ் ஸ்டுடியோவில் பல மாதங்கள் பதிவானது. விளக்குகளை அணைத்துவிட்டு, சுவரில் புரொஜெக்டர் வழியே எண்ணெய்த் திரவங்களின் வண்ணங்கள் மட்டும் நெளிய, வந்த கலைஞர்களை மனம்போன போக்கில் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்ததில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, சில நொடிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வயலின் கலைஞர் நைஜல் கென்னடி, டபுள் பாஸ் வாசித்த டேனி தாம்சன், டிரம்பெட் வாசித்த ஹென்றி லௌதர் ஆகியோரும் இதில் அடக்கம். இரண்டு சுரங்களை வாசிக்கும் முன் ஒரு சுரத்தை வாசிக்கக் கற்க வேண்டும், அதையும் காரணமின்றி வாசிக்கக் கூடாது என்பது ஹாலிஸின் கொள்கை. ஆல்பம் தொடங்கும்போது டிரம்பெட் தொலைவிலிருந்து மெல்ல எழும். தந்தி வாத்தியங்கள் நீண்டு நிற்கும். டிரம்ஸ் உடனே வராது. ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதோ என்று எழுந்து பார்க்கத் தோன்றும் நேரத்தில் கிட்டார் ஒற்றை அடியாக விழும். பிறகு மார்க் ஃபெல்தமின் ஹார்மோனிகா, ஆம்ப்ளிஃபையர் வழியே கிழிபட்டு, ஒரு விலங்கின் ஓலத்தைப்போல் வரும். இரைச்சலுக்கு அவ்வளவு வலிமை கிடைப்பது அதற்கு முன்னிருந்த அமைதியால்தான் என்பதை, நான் பலமுறை கேட்ட பிறகே உணர்ந்தேன்.

அந்த ஆல்பம் 19ஆம் இடத்தோடு நின்றது உண்மை. பதிவு நிறுவனத்துடன் நடந்த வழக்கு, இசை விற்காமல் போனதற்காகத் தொடுக்கப்பட்டது என்ற கட்டுரையாளரின் குறிப்பு மட்டும் சரியன்று. ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை பற்றிய வழக்கு அது. மேல்முறையீட்டில் குழுவுக்குச் சாதகமாக முடிந்தது. பின்னர் அதே நிறுவனம் பழைய பாடல்களை அனுமதியின்றி மறுகலவை செய்து ஒரு தொகுப்பை வெளியிட்டபோது, வழக்குப் போட்டது ஹாலிஸ்தான்.

பாஸ் கிட்டார் வாசித்த பால் வெப் விலகிய பின், 1991இல் வேறு நிறுவனத்தின் வழியாக வெளிவந்த ‘லாஃபிங் ஸ்டாக்’ இன்னும் கரடுமுரடானது, இன்னும் தனிமையானது. அதைவிட முந்தையதே எனக்கு நெருக்கமானது என்றாலும், போஸ்ட்-ராக் என்று பின்னாளில் பெயர் பெற்ற இசைக்கு இவ்விரண்டும் முன்னோடிகள் என்பதில் விமர்சகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஹாலிஸ் 1998இல் தன் பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதன்பின், 2019 பிப்ரவரியில் தமது 64ஆம் வயதில் காலமாகும்வரை, வேறு ஆல்பம் எதையும் தரவில்லை.

கட்டுரையின் அட்டவணையில் 1988ஆம் ஆண்டுக்கு நேராக ‘வீழ்ச்சி’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இணையப் பதிப்பிலாவது அந்தச் சொல்லை நீக்கி, வழக்கு பற்றிய குறிப்பையும் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்