மறுநாள் பரிசோதனை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆணுறை இல்லாமல் உறவு கொண்டபின் நோய் தொற்றியிருக்குமோ என்று அஞ்சி எழுதிய ஒருவருக்கு, தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், உடனே இரத்தப் பரிசோதனை செய்து மனநிம்மதி அடையுமாறு அண்மையில் விடை தரப்பட்டிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த விடை காலக்கணக்கு எதையும் சொல்லாமல் விட்டதைப் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

மறுநாள் எடுக்கும் இரத்தம், முந்தைய இரவு தொற்றிய கிருமியைக் காட்டாது. ஏற்கெனவே இருந்த தொற்றை மட்டுமே காட்டும். உடலுறவால் தொற்றும் பாக்டீரியா நோய்களான கிளமிடியா, கொனோரியா இரண்டையும் சிறுநீரிலோ உறுப்பில் இருந்து எடுக்கும் மாதிரியிலோ நம்பகமாகக் கண்டறிய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும். நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் இக்கால எச்.ஐ.வி. பரிசோதனையை 45 நாட்களுக்குப் பிறகு நம்பலாம். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 3 மாதங்கள் வரை பொறுக்க வேண்டும். மேகப்புண் எனப்படும் சிபிலிசுக்கும் கடைசிப் பரிசோதனை 12 வாரங்கள் கழித்தே. இது தெரியாததால்தான், ‘தொற்று இல்லை’ என்ற முதல் நாள் அறிக்கையோடு பலர் துணையிடம் திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலரோ அதையும் நம்பாமல் வாரந்தோறும் கூடம் மாற்றிப் பரிசோதித்து, பணத்தையும் உறக்கத்தையும் இழக்கிறார்கள்.

உண்மையில் அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றியிருக்க வாய்ப்புண்டு என்று மருத்துவர் கருதினால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் உட்கொள்ளும் தடுப்பு மாத்திரைகள் உள்ளன. எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. (இவற்றை உட்கொண்டவர்களுக்குப் பரிசோதனை நாள் தள்ளிப்போகும் என்பதையும் மருத்துவர் சொல்லுவார்.) கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரசுக்கான தடுப்பூசி போடாதவர்களுக்கு, இயன்றால் 24 மணி நேரத்துக்குள் அதைப் போடத் தொடங்க வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரை இந்த நோய்கள் எதையும் தடுக்காது என்பதை இளம் வயதினர் பலர் அறிந்திருப்பதில்லை. கிருமிநாசினியால் பிறப்புறுப்பின் உட்புறத்தைக் கழுவுவதும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் விழுங்குவதும் பயனற்றவை; பின்னது நோயை மறைத்து மருத்துவரையே குழப்பக்கூடியது.

அறிகுறிக்காகக் காத்திருப்பதும் சரியன்று. கிளமிடியா, குறிப்பாகப் பெண்களிடம், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து பின்னாளில் கருக்குழாய்களைப் பாதித்து மகப்பேற்றுக்கே தடையாகலாம். சிபிலிசின் முதல் புண் வலிக்காது, மருந்தில்லாமலே ஆறியும் விடும். ஆறியது புண்தான், நோயன்று. மறுபுறம், பயந்துபோனவருக்குச் சாதாரணக் காய்ச்சலும் தொண்டை வலியும்கூட எச்.ஐ.வி.யாகவே தோன்றும்.

அச்சமும் பெரும்பாலும் தவறான இடத்திலேயே குவிகிறது என்பது என் எண்ணம். எச்.ஐ.வி. உள்ள ஒருவருடன் பிறப்புறுப்பு வழியாக ஒருமுறை பாதுகாப்பின்றி உறவு கொண்டால் தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்தில் பத்துக்கும் குறைவு. ஆசனவாய் வழி உறவை ஏற்பவருக்கு அது பல மடங்கு கூடும். முறையாகச் சிகிச்சை பெற்று, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உறவின் வழி அது தொற்றுவதில்லை. இதைவிட எளிதாகத் தொற்றுபவை கிளமிடியாவும் கொனோரியாவும். உரிய மருந்தால் குணமாகக்கூடிய அவற்றைக் கேட்டுப் பரிசோதிப்பவர்களோ மிகச் சிலர்.

ஆகவே, இத்தகைய கேள்விகளுக்கு விடை தரும்போதெல்லாம் மேற்கண்ட நாட்கணக்கைச் சிறு கட்டமாகவேனும் வெளியிட வேண்டுகிறேன். இறுதி முடிவு வரும்வரை துணையுடன் ஆணுறை இன்றிச் சேரக்கூடாது என்ற வரியும், தொற்று உறுதியானால் துணைக்கும் சிகிச்சை தேவை என்ற வரியும் அதில் இருக்கட்டும். அன்றைய விடையின் முடிவில் இருந்த ஒழுக்க அறிவுரையை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதைப் படித்துக் கூசி மருத்துவரிடம் போகத் தயங்குபவர், அந்த 72 மணி நேரத்தை வீட்டுக்குள்ளேயே கழித்துவிடக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்