14-ஆம் நாள் எல்லோருக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமாகிறது. 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்று கேட்டுக் கேட்டே அவளைச் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் போகவிடாமல் செய்துவிட்டார்கள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

14-ஆம் நாள்தான் கருமுட்டை வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, மாதாமாதம் 12, 13, 14 என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கோ மாதவிலக்கு 35 நாளைக்கு ஒருமுறை. போன மாதம் ஒரு நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிவரும். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 28 நாளில் வருபவர்களுக்கு அது 14-ஆம் நாளாக அமைகிறது. என் மகளுக்கு 21-ஐ ஒட்டி வரும். முட்டை ஒரு நாள்தான் தாங்கும், விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். ஆக, இவளுக்குக் கரு நிற்க வாய்ப்புள்ள நாட்கள் 16-லிருந்து 21 வரை. இரண்டு வருடமாக எண்ணியதெல்லாம் வேறு நாட்கள்! கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொன்று, எங்கள் தெருவில் பலரும் தலைக்குக் குளித்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். உதிரம் கண்ட முதல் நாளே ஒன்றாம் நாள். நாங்கள் தினசரி காலண்டரில் குறித்தோம். தாளைக் கிழித்ததும் குறிப்பும் போய்விடும். இப்போது மளிகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டரை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி, சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறாள். கரு நிற்க வாய்ப்புள்ள நாட்களில் கோழிமுட்டை வெள்ளைக்கரு போல நூலாக இழுபடும் கசிவு வருவதையும் குறிக்கிறாள். இதைப் போய் வியாதி என்று பயந்திருந்தாளே! நாற்றமோ அரிப்போ இருந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம்.

நீர்க்கட்டி இருந்து விலக்கு தாறுமாறாக வருபவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். மற்றவர்களும் ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றால், 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறே மாதத்தில், புருஷன் பெண்டாட்டி இருவருமாகப் போக வேண்டும். என் மருமகன் யாரும் சொல்லாமலே போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். அந்தப் பிள்ளையை நினைத்தால் மனசு நிறைகிறது.

உங்கள் பெண்கள் பக்கத்தில் இந்தக் கணக்கைப் படம் போட்டு, பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டுகிறேன். ரவிக்கை அளவு கொடுக்க வரும் பெண்கள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.