கார்ல் கிங் அவர்களுக்கு, ஒரு கல்லூரி மார்ச் பற்றி

அன்புள்ள கார்ல் கிங் அவர்களுக்கு,

நீங்கள் மறைந்து ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் இதை உங்களிடமே சொல்லவேண்டும் போலிருக்கிறது. 1928-இல் இல்லினாய் பல்கலைக்கழக பேண்டுக்காக நீங்கள் எழுதிய 'பிரைட் ஆஃப் தி இலைனை' என்ற மார்ச்சை, அதாவது அணிவகுத்து நடப்பதற்கான அந்த பேண்டு இசையை, ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னை முதலில் பிடித்து நிறுத்தியது உங்கள் கதைதான். ஓஹையோவில் பேப்பர் விற்ற காசில் கார்னெட் என்ற சின்ன ஊதுகொம்பு வாங்கிய பையன், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன், 1910-இல் சர்க்கஸ் பேண்டில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவன். அந்தப் பையனிடமிருந்துதான் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இப்படி ஒரு பாட்டு வந்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழக பேண்டை நடத்திய ஹார்டிங்கும் சாதாரண ஆள் இல்லை. எஞ்சினியரிங் படிக்க வந்தவர், மாணவர் பேண்டைக் கையில் எடுத்து, பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்புகளைக் காற்று வாத்தியங்களுக்கு மாற்றி எழுதி, அதை உட்கார்ந்து கேட்கவேண்டிய கான்சர்ட் பேண்டாக ஆக்கியவர். மார்ச் இசைக்கே பேர்போன சூசாவே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மார்ச் எழுதியது 1929-இல், அதாவது உங்களுக்கு அடுத்த வருடம்தான்!

சரி, இசைக்கு வருகிறேன். பல மார்ச்சுகளில் மெட்டு முழுக்க கார்னெட்டுக்குப் போய்விடும், நடுவில் இருப்பவர்களுக்குத் தாளம் நிரப்புவதுதான் வேலை. நீங்கள் யூஃபோனியம் என்ற, கார்னெட்டைவிடத் தாழ்ந்த குரல் கொண்ட பித்தளை வாத்தியத்தை வாசித்தவர், அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அதனால்தானோ என்னவோ உங்கள் மார்ச்சுகளில் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு ஓடுகிறது. 'மெலடி ஷாப்' மார்ச்சை எழுதும்போது உங்களுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அதில் யூஃபோனியத்துக்கு நீங்கள் வைத்த அந்த ஓட்டத்தை வாசிக்க இன்றைக்கும் நல்ல நல்ல கலைஞர்கள் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்கிறார்கள். மார்ச் அதன் பின்பகுதியான டிரியோவுக்குப் போகும்போது சுருதி மாறி எல்லாம் ஒரு கணம் தணியுமே, அப்போது மேல் மெட்டை விட்டுவிட்டு அந்த நடுக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், வேறொரு பாட்டையே கேட்ட மாதிரி இருக்கிறது.

உங்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இன்னொன்று. பள்ளிக்கூட பேண்டுகள் பெருகிய காலத்தில், சின்னப் பிள்ளைகள் வாசிக்கும்படி எளிதான மார்ச்சுகளையும் எழுதினீர்கள். சர்க்கஸில் குதிரைக்கும் வித்தைக்காரருக்கும் ஏற்ற வேகத்தில் எழுதிப் பழகிய கை, முதல் வருட மாணவனின் விரல் வேகத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெரிய பேரெடுத்தவர்கள் எத்தனை பேர் இதைச் செய்வார்கள்? அப்புறம், 1920-இல் ஐயோவாவின் ஃபோர்ட் டாட்ஜுக்கு வந்தவர், பெரிய நகரம் எதற்கும் போகாமல் அந்த ஊர் பேண்டையே 1971 வரை, கடைசிவரைக்கும் நடத்தினீர்கள்.

இல்லினாயில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் 'த்ரீ இன் ஒன்' என்று மூன்று பாட்டுகளைச் சேர்த்து வாசிப்பார்கள். அதில் உங்கள் மார்ச்சும் ஒன்று. மைதானமே எழுந்து நிற்கும் அந்தப் பதிவை இன்று ராத்திரி மறுபடி போடப்போகிறேன், யூஃபோனியம் எங்கே கேட்கிறது என்று பார்க்க.

அன்புடன்,
உங்கள் ரசிகன்